அந்தக் கொப்பியைக் கொஞ்சம் மூடி வையுங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "மூன்று வயதுப் பிள்ளைக்கு அ, ஆ எழுதப் பழக்கத் தேவையில்லை, கைக்கு வேறு வேலை கொடுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி சண்டை. மீதிப் பாதி, "அப்ப என்ன வேலைதான் கொடுக்கிறது ரீச்சர்?" என்ற கேள்வி. சண்டை போட்டவர்களுக்கு இன்னொரு நாள் வருகிறேன், இந்த முறை கேள்வி கேட்டவர்களுக்கு.

கல்லடியிலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு மூன்றரை வயது. முன்பள்ளியில் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். பென்சிலை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கிறான். இரண்டு வரி எழுதியதும் கை நோகுது என்று அழுகிறான். சரியாகப் பிடிக்க எப்படிப் பழக்குவது?

இப்போதைக்குப் பழக்க வேண்டாம் தங்கச்சி. கை நோகுது என்று அவன் சொல்வது சாட்டு இல்லை, உண்மையாகவே நோகும். நம் மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சின்ன எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகத்தான் இருக்கும், அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எலும்பாகி, எட்டும் எக்ஸ்ரேயில் தெரிய ஒன்பது பத்து வயதாகிவிடும். கையின் பலமும் மேலிருந்து கீழாகத்தான் வரும்: முதலில் தோள், அப்புறம் முழங்கை, மணிக்கட்டு, கடைசியில்தான் விரல் நுனி. அதனால்தான் சின்னப் பிள்ளை கோடு கீறினால் முழுக் கையும் சேர்ந்து ஆடுகிறது. நாலு வயதை ஒட்டி மூன்று விரல் பிடி மெல்ல வரும். விரல் மட்டும் அசைந்து எழுதுவது ஐந்து, ஆறு வயதுக் கதை. நாம் விரலைப் பிடித்து வளைத்து வைத்தால் நாம் பார்க்கும் வரைக்கும் அப்படி வைத்திருப்பான், திரும்பினால் பழையபடி பொத்திக்கொள்வான்.

இன்னொன்று. பார்த்துக் கீறுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. மூன்று வயதளவில் வட்டம், நாலளவில் கூட்டல் குறி, அதற்குப் பிறகு சதுரம், ஐந்தை நெருங்கும்போது முக்கோணம். 'அ' என்ற எழுத்தை ஒருதரம் மெதுவாக எழுதிப் பாருங்கள், எத்தனை சுழி, எத்தனை வளைவு, எத்தனை இடத்தில் கை திரும்புகிறது என்று. கூட்டல் குறியே இன்னும் வராத கையிடம் போய் இதைக் கேட்டால் அது அழத்தான் செய்யும்.

சரி, அப்ப என்ன செய்வது? மாவிலிருந்து தொடங்குங்கள். கோதுமை மா இரண்டு கப், உப்பு ஒரு கப், தேங்காயெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைவாக இளஞ்சூட்டுத் தண்ணீர், அதையும் ஒரே தடவையில் ஊற்றாமல் விட்டு விட்டுக் குழையுங்கள். ரொட்டி மாவை விடக் கொஞ்சம் இறுக்கமாக வர வேண்டும். நிறத்துக்கு மஞ்சள் தூள், பீட்ரூட் சாறு, பொன்னாங்காணி அரைத்த சாறு. உப்பு இவ்வளவு எதற்கு என்றால் பழுதாகாமல் இருக்கத்தான், ஆனால் நம் ஊர் வெக்கையில் அந்த உப்பே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மாவைப் பிசுபிசுக்க வைத்துவிடும். அதனால் மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், பிசுபிசுத்தால் கொஞ்சம் மா தூவிக் குழைத்துக்கொள்ளலாம். விரலில் காயம் இருக்கிற நாளில் கொடுக்காதீர்கள், உப்புப் பட்டு எரியும். வாயில் போடவும் விடாதீர்கள், உப்பு மட்டுமில்லை, பச்சை மாவும் வயிற்றுக்கு ஆகாது.

அந்த மாவை வைத்து என்ன செய்கிறான் என்பது பெரிய விஷயமில்லை. பாம்பு உருட்டலாம், இடியப்ப உரலில் போட்டுப் பிழியலாம் (பிழியும்போது இரண்டு கையும் தோளும் வேலை செய்யும், இதைப் போல ஒரு பயிற்சிச் சாமானைக் காசு கொடுத்து வாங்க முடியாது), உருட்டின பாம்பைப் பழைய கரண்டியால் துண்டு துண்டாக வெட்டலாம், ஈர்க்குத் துண்டுகளைக் குத்தி முள்ளம்பன்றி செய்யலாம். ஈர்க்கின் கூரான முனையை மட்டும் முதலே நறுக்கிவிடுங்கள்.

அடுத்தது குசினி. நீங்கள் சமைக்கும்போது அவனைப் பக்கத்தில் இருத்தி முருங்கையிலை உருவக் கொடுங்கள். நெத்தலிக் கருவாட்டின் தலை கிள்ளுவது இருக்கிறதே, பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து செய்யும் வேலைக்கு அதை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கை மணக்கும், பரவாயில்லை, சவர்க்காரம் இருக்கிறது. புளியில் கொட்டை எடுப்பது, அவித்த முட்டைக் கோது உரிப்பது, பயிற்றங்காயைக் கையால் முறிப்பது எல்லாம் இந்த வகைதான். கச்சான் கோது உடைக்கக் கொடுக்கலாம், ஆனால் முழுப் பருப்பை இந்த வயதில் தின்னக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போனால் பெரிய ஆபத்து.

கீறுவதற்கு ஆசைப்பட்டால் மேசையில் இருத்தாமல் சுவரில் பழைய கலண்டர்த் தாளை ஒட்டி நின்றபடி கீறவிடுங்கள். செங்குத்தான இடத்தில் கீறும்போது மணிக்கட்டு தானாகப் பின்னுக்கு மடங்கும், எழுதுவதற்குத் தேவையான நிலை அதுதான். நீளப் பென்சிலுக்குப் பதிலாகப் பாஸ்டலை உடைத்து, ஒரு இஞ்சிகூட வராத குறளாகக் கொடுங்கள். குறளை முழுக் கையால் பொத்த முடியாது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். பிடி பழக்குவது என்று நீங்கள் கேட்டது இதைத்தான், சொல்லிக் கொடுக்காமலே நடக்கும்.

ஏடு தொடக்கும்போது நம் ஆட்கள் பிள்ளையின் கையில் பேனையையா கொடுக்கிறார்கள்? விரலைப் பிடித்து அரிசியில்தானே எழுத வைக்கிறார்கள். அந்த அரிசித் தட்டை அன்றைக்கே எடுத்துவைத்துவிடாமல் ஒரு வருஷத்துக்கு வெளியில் வைத்திருங்கள். கல்லடிக் கடற்கரை பக்கத்தில் இருக்கிறது, ஈர மணலில் குச்சியால் கீறட்டும்.

முன்பள்ளி ரீச்சரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பல இடங்களில் ரீச்சர்மாருக்கே இந்த எழுத்து வேலையில் விருப்பமில்லை, பெற்றோர் கேட்கிறார்கள் என்றுதான் கொடுக்கிறார்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு நாலு வயது. பாஸ்டல், கத்தரிக்கோல் எல்லாம் இடக் கையால்தான். என்ட உம்மா ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டிவிட்டு வலக் கைக்கு மாற்றுகிறா. மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். பத்துப் பேரில் ஒருவர் அளவில் உலகம் முழுக்க இடக்கைக்காரர்கள் இருக்கிறார்கள், அது கெட்ட பழக்கமுமில்லை, பிடிவாதமுமில்லை, மூளை அப்படி அமைந்திருக்கிறது. தட்டித் தட்டி மாற்றினால் இரண்டு கையும் அரைகுறையாகத்தான் பழகும், பிள்ளைக்குக் கீறுவதே வெறுத்துப்போகும்.

உம்மாவோடு சண்டை பிடிக்காமல் இதைத் தீர்க்க ஒரு வழி சொல்கிறேன். அவ கவலைப்படுவது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கும். சாப்பாடு வலக் கையால் என்பதை மார்க்கமாகவும் மரியாதையாகவும் பழக்குவதில் பிரச்சினை இல்லை. அதட்டாமல் பழக்கினால் இடக்கைப் பிள்ளைகளும் அதை நன்றாகவே பழகிக்கொள்கிறார்கள். எழுத்து, கத்தரிக்கோல், ஊசி நூல் மட்டும் பிள்ளையின் விருப்பக் கைக்கு. இப்படிப் பிரித்துச் சொன்னால் மூத்தவர்கள் அநேகமாக ஒத்துக்கொள்வார்கள்.

கத்தரிக்கோல் விஷயத்தில் கவனம். சாதாரணக் கத்தரிக்கோலை இடக் கையில் பிடித்தால் மேல் அலகு வெட்டும் கோட்டை மறைக்கும், விரலின் அழுத்தமும் இரண்டு அலகையும் ஒன்றோடொன்று சேர்க்காமல் விலக்கும், தாள் வெட்டாமல் மடங்கும். பிள்ளைக்கு வெட்ட வரவில்லை என்று நாம் நினைப்போம், பிழை கத்தரிக்கோலில். இடக்கைக் கத்தரிக்கோல் என்று தனியாகவே இருக்கிறது, நம் கடைகளில் லேசில் கிடைக்காது, கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். கீறும்போது தாளைக் கொஞ்சம் வலப்பக்கம் சரித்து வையுங்கள், அதாவது தாளின் இடது மேல் மூலை உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் வலக்கைப் பிள்ளை இருந்தால் முழங்கை இடிபடாமல் மகளை இடது ஓரத்தில் இருத்துங்கள்.

திருக்கோவிலிலிருந்து ஒரு அப்பா: எத்தனை வயதில் கத்தரிக்கோல் கொடுக்கலாம்? ஒருதரம் கொடுத்தோம், திரைச்சீலையும் தங்கச்சியின் முடியும் போயிற்று.

முடி வளரும். திரைச்சீலைக்கு அனுதாபங்கள்.

மூன்று வயதை ஒட்டிக் கொடுக்கலாம், முனை மழுங்கினது, உலோக அலகு உள்ளது. முழுக்கப் பிளாஸ்டிக்கில் வருகிறதே, அது தாளை வெட்டாமல் கடிக்கும், பிள்ளை வெறுத்துப்போவான். முதலில் கோடு போட்ட தாளைக் கொடுக்காதீர்கள். ஒரு விரலளவு அகலத்தில் கொஞ்சம் தடித்த தாளைப் பட்டிகளாக வெட்டி வைத்து, ஒரு தடவை நறுக்கினால் துண்டு விழுகிற மாதிரிக் கொடுங்கள். கலியாணக் காட் இதற்கு அருமை, மெல்லிய பேப்பர் துவளும், காட் துவளாது. தென்னோலைக் கீற்றும் நல்லது, நறுக்கும்போது சத்தம் வரும், பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமே போதும். நறுக்கின துண்டுகளைப் பசை தடவி ஒட்டினால் அதுவே ஒரு படம். பசைக்குக் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் போதும், பழையவர்கள் பூச்சி வராமல் துரிசு போடுவார்கள், பிள்ளைகள் தொடும் பசையில் அது வேண்டவே வேண்டாம்.

நறுக்கப் பழகினால் அப்புறம் நேர்கோடு, நாலு வயதளவில் அது வரும். வளைவும் வட்டமும் ஐந்தை நெருங்கி. பிடிக்கும்போது பெருவிரல் மேலே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விதி. பெருவிரல் நகத்தில் பேனையால் ஒரு சிரித்த முகம் கீறிவிட்டு, "அது உன்னைப் பார்த்துச் சிரிக்கணும்" என்று சொல்லுங்கள். கத்தரிக்கோலைப் பிள்ளையிடம் விடாமல் நீங்கள் எடுத்துக் கொடுத்து, நீங்களே திருப்பி வாங்கி வையுங்கள். தங்கச்சிக்காக.

படுவான்கரையில் இருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை: இருபது பிள்ளைகளுக்கு மேல். கலர்த்தாள், மணி, கிளே வாங்க வசதி இல்லை, பெற்றோரிடம் கேட்கவும் மனமில்லை. யூடியூபில் காட்டுகிற எதுவும் எங்களிடம் இல்லை.

உங்களிடம் இருப்பது அவர்களிடம் இல்லை ரீச்சர், அப்படிப் பாருங்கள்! உங்கள் பக்கம் வயல் இருக்கிறது, குளம் இருக்கிறது, தென்னையும் பூவரசும் இருக்கிறது. யூடியூபை மூடிவிட்டு முற்றத்தில் இறங்குங்கள்.

வயல் களியை எடுத்து, கல்லும் சிப்பித் துண்டும் இல்லாமல் அரித்து, சாக்குத் துண்டில் சுற்றி ஈரமாக வைத்திருங்கள். முட்டி, அடுப்பு, மாடு, என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், பழுதானால் திரும்பத் தண்ணீர் விட்டுக் குழைக்கலாம். பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ செய்வது சும்மா விளையாட்டு இல்லை, இரண்டு கை விரல்களும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை செய்ய வேண்டும்: ஒன்று பிடிக்கும், ஒன்று சுருட்டும். தென்னோலையில் மணிக்கூடு, மூக்குக்கண்ணாடி, காற்றாடி செய்ய உங்கள் ஊர் அம்மம்மாக்களுக்குத் தெரியும், வாரத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டு இருத்துங்கள், காசு கேட்க மாட்டார்கள், வெற்றிலை கேட்பார்கள். பிள்ளைகளுக்கு முழுப் பின்னலும் வராது. ஓலையை ஈர்க்கிலிருந்து கிழித்துப் பிரிப்பதையே மூன்று வயதுக்காரர்களுக்குக் கொடுங்கள், அது அவர்களுக்குப் பெரிய வேலை.

நாலரை, ஐந்து வயதுக்காரர்களுக்குப் பாய் பின்னல். பன் பாய் இழைக்கிறதைப் பார்த்த பிள்ளைகள்தானே. ஒரு பழைய கொப்பி மட்டையில் ஓரம் விட்டு நீள நீளமாக வெட்டி, அதற்குள் வேறு நிறப் பட்டிகளை மேலே ஒன்று கீழே ஒன்றாக விடச் சொல்லுங்கள். பட்டி இரண்டு விரல் அகலம் இருக்கட்டும், மெலிந்தால் கிழியும். இரண்டாவது வரிசை முதல் வரிசைக்கு எதிராக வர வேண்டும் என்பதைப் பிடிக்கக் கொஞ்ச நாள் எடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

பால்மா டின் மூடியில் கீறல் போட்டுப் பொத்தான் போடுவது, உடுப்புக் கிளிப்பை மட்டை ஓரத்தில் குத்துவது, பனடோல் பாணியோடு வருகிற சிரிஞ்சால் ஒரு கோப்பையிலிருந்து மற்றதுக்கு நிறத்தண்ணீர் மாற்றுவது, வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிப் பூ அச்சுக் குத்துவது, இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நான் நீட்டிச் சொல்ல வேண்டியது விதைகளைப் பற்றி. சிவப்பு நிறத்தைப் பார்த்து யாராவது குன்றிமணி கொண்டு வந்து தருவார்கள். வாங்காதீர்கள். மஞ்சாடி முழுக்கச் சிவப்பு, குன்றிமணியில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், அதை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, ஊசியால் துளைத்துக் கோர்ப்பதும் கூடாது. மஞ்சள் அலரிக் கொட்டையும் அப்படித்தான், ஆமணக்கும் அப்படித்தான். பிள்ளையாருக்கு மாலை கட்ட எருக்கலம்பூ கொடுக்கிற வழக்கம் இருந்தால் அதையும் பெரியவர்களோடு நிறுத்துங்கள், அதன் பால் பட்ட விரலைக் கண்ணில் தேய்த்தால் கண் பழுதாகும். புளியங்கொட்டை, மஞ்சாடி போன்றவை கூட மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டாம், மூன்று தாண்டியவர்கள் என்றாலும் மூக்குக்குள் போடுகிற ஆள் ஒருத்தர் எப்படியும் இருப்பார், உங்கள் கண் முன்னால் மட்டும் கொடுங்கள்.

கட்டாரிலிருந்து ஒரு வாப்பா, சொந்த ஊர் ஓட்டமாவடி: லீவில் வரும்போது மூன்று வயது மகனுக்குக் கைக்கும் மூளைக்கும் நல்ல சாமான் என்ன வாங்கி வரலாம்? டெப்லெட்டில் வரையும் ஆப் இருக்கிறது, அது போதுமா?

டெப்லெட்டில் விரலை இழுத்தால் கோடு வரும், ஆனால் அழுத்தத் தேவையில்லை, பிடிக்கத் தேவையில்லை, கண்ணாடி எப்போதும் ஒரே வழவழப்பு. கை பலப்படுவதற்கு அதில் ஒன்றுமில்லை. அந்தக் காசுக்குப் பெரிய அளவு பிளாஸ்டிக் கட்டைகள், ஒன்றோடொன்று அழுத்திப் பூட்டுகிற வகை, வாங்குங்கள். பெரிய மரமணிகளும் அதைக் கோர்க்கத் தடித்த கயிறும். டொயிலட் ரோலின் மட்டைக் குழாய்க்குள் விழுகிற அளவில் உள்ள எதுவும் இந்த வயதுக்குச் சின்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டப் பொத்தான் பட்டரி உள்ள மலிவு சாமான்களை எடுக்கவே எடுக்காதீர்கள், விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயைப் பொத்துவிடக்கூடியது அது. காந்தக் குண்டுகளும் வேண்டாம்.

சாமானை விட, லீவில் நிற்கிற நாட்களில் மகனோடு தரையில் இருந்து ஒரு பட்டம் கட்டுங்கள். அவனுக்கு வால் கிழிக்கிற வேலை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு அம்மா: முன்பள்ளிக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு கைவேலை கொண்டுவர வேண்டும். மற்றத் தாய்மார் எல்லாம் சோகியிலும் சிப்பியிலும் என்னென்னவோ செய்கிறார்கள். என் மகள் செய்தது கோணலாக இருக்கிறது. நான் கொஞ்சம் திருத்திக் கொடுக்கலாமா?

கோணலாகவே கொண்டு போங்கள். அது ஒன்றுதான் அந்த மேசையில் பிள்ளை செய்ததாக இருக்கும்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு உம்மம்மா: பேரனுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. நீங்கள் எழுதுகிற எதையும் செய்யமாட்டான், கையில் எடுப்பதெல்லாம் விழும், பொத்தான் பூட்டத் தெரியாது, கரண்டியும் கோணல். மகள் "ஆம்பிளப் பிள்ளை, போகப்போகச் சரியாகும்" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் பயத்தை மகள் கேட்பது நல்லது. பெரிய பொத்தான் பூட்டுவது நாலு வயதளவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்துவிடும், வட்டமும் கூட்டல் குறியும் ஐந்துக்கு முன் வந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு பிந்தினால் ஓடத் தேவையில்லை. உடுப்பை எப்போதும் நீங்களே மாட்டிவிட்டு, சோற்றை நீங்களே ஊட்டி வளர்த்த பிள்ளையென்றால், கைக்கு வேலை கிடைக்காததாலும் இப்படி இருக்கலாம், உம்மம்மா வீட்டில் அது நடக்கக்கூடிய விஷயம்தானே! ஒரு மாதம் பொத்தானும் கரண்டியும் அவன் கையில் விட்டுப் பாருங்கள். அவசரமில்லாத நேரத்தில், உடுப்பைக் கட்டிலில் விரித்து வைத்து, கடைசிப் பொத்தானை மட்டும் அவனுக்கு விட்டுத் தொடங்குங்கள், அது வந்தால் கடைசி இரண்டு. சேர்ட்டில் இருக்கிற பொத்தான் சின்னது, பழைய குடைத்துணியில் பெரிய பொத்தான் ஒன்றும் அதற்குக் காதும் தைத்துக் கொடுத்தால் முதலில் அதில் பழகுவான்.

ஆனால் எல்லாமே ஒன்றாகப் பிந்தினால், ஒரு கையை மட்டும் பாவித்து மற்றக் கையை மடக்கியே வைத்திருந்தால், அடிக்கடி தடுக்கி விழுந்தால், கை நடுங்கினால், முக்கியமாக முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போயிருந்தால் ஒரு மாதமும் காத்திருக்க வேண்டாம். பிள்ளை பிறந்தபோது தந்த கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி மிட்வைஃபைப் பாருங்கள், அந்தக் கொப்பியிலேயே வளர்ச்சிப் படிகள் இருக்கின்றன. அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்டச் சொல்வார், தேவைப்பட்டால் அங்கிருந்து குழந்தை வைத்திய நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், கண் தெளிவில்லாத பிள்ளையும் சாமானை இப்படித்தான் விழுத்தும். போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேரன் கீறின தாள் இருந்தால் அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.